நீ கேட்காமல் விட்ட கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மாத்திரை வாங்க வில்லியனூர் வந்தேன். மருந்துக்கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போது, எதிர்ச்சாரியில் உங்கள் மாட்டுத்தீவனக் கடையில் கடலைப் புண்ணாக்கு மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை ரோட்டைத் தாண்டி வந்து மூக்கில் ஏறியது. ஹெல்மெட்டைக் கழற்றத் தோன்றாமல் அப்படியே நின்றுவிட்டேன். உன் தம்பி பார்த்துவிட்டான். கையைக் காட்டிக் கூப்பிட்டான். போனேன். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மூன்று நாள் எதுவும் ஓடவில்லை. இன்றைக்குத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கடைக்கு மேலே இருக்கும் குடோனில்தான் நாம் இரண்டு பேரும் இரண்டு மாதம் நேர்காணலுக்குத் தயாரானோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு உன் அப்பா வீட்டுக்குப் போனதும் நான் காலை ஷிப்ட் முடித்து, கரிக்கலாம்பாக்கம் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் வந்து சேர்வேன். தவிட்டு மூட்டை ஒன்றில் நீ உட்கார்வாய், அதுதான் தேர்வுக்குழு. எதிரில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் நான். கல்லூரியில் மெக்கானிக்கல் வகுப்பில் இருந்த ஏழெட்டுப் பெண்களில் நாம் இருவர். நான் ஷாம்பு பாக்கெட் நிரப்பும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பயிற்சி இன்ஜினியர். நீ மின்மோட்டார் பாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் ஒரு வருடம் இருந்துவிட்டு விலகியவள். இரண்டு பேரும் நுழைவுத் தேர்வு எழுதினோம். சென்னையில் இருக்கும் ஒரு பிசினஸ் ஸ்கூலிலிருந்து, ஒரே நாளுக்கு, இரண்டு பேருக்கும் அழைப்பு வந்தது.

நீ எதையும் நம்பாதவள். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் கண்டக்டர் கொடுக்கும் டிக்கெட்டைத் தேதி பார்த்துத்தான் பைக்குள் வைப்பாய். மூட்டை வந்து இறங்கினால் மேலே இருப்பதை விட்டுவிட்டு அடியில் கைவிட்டு எடுத்து முகர்ந்து பார்ப்பாய். இன்டர்நெட்டில் யாரோ போட்டிருந்த மாதிரி விடைகளை நான் அச்செடுத்துக்கொண்டு வந்த அன்று, இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் தள்ளி வைத்தாய்.

"இதெல்லாம் எவனோ எவனுக்கோ எழுதிக் குடுத்ததுடி. அந்தப் பேனல்ல இருக்கறவங்க இத நம்மளுக்கு முன்னாடியே நூறு வாட்டி கேட்டிருப்பாங்க."

"இன்ஜினியரிங் படிச்சிட்டு ஏன் எம்பிஏன்னு கேப்பாங்களே, அதுக்கு நீ இன்னா சொல்லுவ?"

"நெசத்த சொல்லுவேன். எங்கப்பா இந்தக் கடைய எனக்குக் குடுக்க மாட்டாரு. தம்பிக்குத்தான். அதனால எனக்கு வேற கடை வேணும். பெருசா வேணும்."

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. அப்போதுகூட, இவ்வளவு நல்ல பதிலை என்னிடம் ஏன் இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள், உண்மையான பதிலை வேறு எங்கேயாவது மறைத்து வைத்திருக்கிறாளோ என்று ஒரு எண்ணம் ஓடியது எனக்கு. சந்தேகம் எப்படித் தொற்றும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தொற்றியிருந்தது.

என்னிடம் ஒரு கதை இருந்தது. தொழிற்சாலையில் ஒருநாள் பாக்கெட் ஒட்டும் இயந்திரத்தில் சூடு குறைந்து, ஓரம் சரியாக ஒட்டாமல் பாக்கெட்டுகள் கசியத் தொடங்கின. உற்பத்தி அவசரத்தில் யாரும் கவனிக்காதபோது நான் கவனித்து, மேலாளரின் கோபத்தைப் பொருட்படுத்தாமல், சிவப்புப் பட்டனை அழுத்தி இயந்திரத்தை நிறுத்தினேன். தலைமைப் பண்பு, துணிச்சல், பொறுப்பு எல்லாம் அதில் இருந்தது. எந்தக் கேள்வி கேட்டாலும் அந்தக் கதைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று வைத்திருந்தேன்.

முதல் தடவை சொன்னபோது முழுதாகக் கேட்டுக்கொண்டாய். இரண்டாம் நாள் மறுபடி சொல்லச் சொன்னாய். மூன்றாம் நாளும்.

"அந்தப் பட்டன் எந்தப் பக்கம் இருக்குது?"

"எடது கை பக்கம்."

"நேத்து வலதுன்ன."

"நிக்கற எடத்தப் பொறுத்துடி."

"சரி, நீ எங்க நின்ன?"

நான் எரிச்சலில் எழுந்துவிட்டேன். பேனல் இதையெல்லாம் கேட்காது என்றேன். "கேக்க மாட்டாங்கதான். ஆனா இதுல இன்னாமோ ஒதைக்குது" என்றாய். அதோடு விடவில்லை. மறுநாள், பட்டனை அழுத்தினதும் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றாய். அதற்கு அடுத்த நாள், மேலாளர் திட்டினார் என்றாயே, என்ன வார்த்தை சொல்லித் திட்டினார் என்றாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் சொன்னேன். ஒவ்வொரு பதிலையும் நீல அட்டை போட்ட நீள நோட்டில் நீ குறித்துக்கொண்டாய். எதற்கு இவளுக்கு இவ்வளவு விவரம் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டுக்கொண்டேன்.

நேர்காணலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. கீழே வாடிக்கைக்காரர் யாரோ கூப்பிட்டார்கள் என்று இறங்கிப் போனாய். நோட்டு மூட்டைமேல் கிடந்தது. ஃபேன் காற்றில் பக்கம் புரண்டு நின்றது. உன் குண்டுகுண்டான கையெழுத்தில் இப்படி இருந்தது: "நான் பாக்கெட் ஒட்டும் பிரிவில் இருந்தேன். கசிவதை நான்தான் முதலில் பார்த்தேன். நான் போய் நிறுத்தினேன்."

நான், நான், நான். மூன்று நான்.

நீ படியேறி வரும் சத்தம் கேட்டதும் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஸ்கூட்டியில் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். உன்னை எனக்கு முன்னால் கூப்பிட்டால் என் கதையை நீ சொல்லிவிடுவாய். பிறகு நான் போய் அதையே சொன்னால் காப்பியடித்தவள் நானாகிவிடுவேன். தோண்டித் தோண்டிக் கேட்டதெல்லாம் இதற்குத்தானா? கரிக்கலாம்பாக்கம் வரும் முன்னால், மனைக்கல் நட்டுப் பாதி வயலும் பாதி வீடுமாகக் கிடக்குமே அந்த இடம், அங்கே வண்டியை ஓரங்கட்டி அழுதேன். அழுகை நின்றதும் கோபம்தான் மிச்சமிருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து தலைவலி என்று சொல்லி நான் வரவில்லை. செவ்வாய்க்கிழமை உன் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தது. உன் அப்பாவின் பட்டன் போனிலிருந்து கூப்பிட்டாய். யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றுகிறவள் நீ. கடைசியாக மாற்றியது உனக்கே ஞாபகம் இல்லை. தம்பி போனில் முயன்று பார்த்தும் மெயில் திறக்கவில்லை.

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன். சனிக்கிழமை இன்டர்வியூக்குள்ள வராதாம். மெயில் எதனா வந்தா சொல்லுடி. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான வரும்."

ஊரில் எவரையும் நம்பாத நீ என்னை நம்பினாய். அன்றைக்கு அது எனக்கு அப்படிப் படவில்லை. இதுவும் ஏதோ தந்திரம் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் மெயில் வந்தது. வேலை செய்த இடத்தின் அனுபவச் சான்றிதழ், நகல் போதாது, அசல் கொண்டுவர வேண்டும் என்று. நான் உடனே எங்கள் அலுவலகத்தில் சொல்லி முத்திரையோடு வாங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் நீ கூப்பிட்டாய்.

"மெயில் எதனா வந்துச்சா?"

"ஒண்ணும் வரல."

"ஜெராக்ஸ் மட்டும் போதும்ல? மொதல்ல அப்டித்தான போட்டிருந்தாங்க."

"போதும்."

"தலவலி எப்டி இருக்குது?"

"பரவால்ல" என்று வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக நான் எதையும் செய்ததில்லை. குரல்கூட நடுங்கவில்லை.

வெள்ளிக்கிழமையே சென்னையில் மாமா வீட்டுக்குப் போய்விட்டேன். உன்னோடு ஒரே பஸ்ஸில் வந்தால் என் ஃபைலை நீ பார்த்துவிடுவாய் என்ற பயம். சனிக்கிழமை காலை நான் போய்ச் சேர்ந்தபோது நீ வந்து உட்கார்ந்திருந்தாய். மாம்பழ நிறச் சுடிதார், கழுத்துவரை பட்டன். உன் அப்பா கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னாமா, தலவலி சரியாயிடுச்சா? ரெண்டு பேரும் நல்லா பண்ணுங்க" என்றார்.

சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் உன்னை நிறுத்தினார்கள். அசல் எங்கே என்றார்கள். நகல் போதும் என்றுதானே என்று நீ சொன்னாய். புதன்கிழமை எல்லாருக்கும் மெயில் அனுப்பியிருக்கிறோமே என்று அந்த அலுவலர் கணினியைத் திருப்பிக் காட்டினார். எனக்கு மூன்று பேருக்கு முன்னால் நீ நின்றிருந்தாய். நீ திரும்பினாய். என் கையிலிருந்த பிளாஸ்டிக் உறையில் மேலாகவே இருந்தது அசல், வட்ட முத்திரையோடு. அதைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

பட்டன் எந்தப் பக்கம் என்று இரண்டு மாதம் கேட்டவள் நீ. இப்போது கேட்பாய் என்று நின்றேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன்: எனக்குக் காலையில்தான் தெரியும், மாமா வீட்டில்தான் பார்த்தேன். 

"தண்ணி இருக்குதாடி?" என்றாய்.

பாட்டிலைக் கொடுத்தேன். குடித்துவிட்டு மூடியைத் திருகித் திருப்பிக் கொடுத்தாய்.

உன் சான்றிதழ் வீட்டு பீரோவில்தான் இருந்தது. தம்பி போட்டோ எடுத்து உன் அப்பா பக்கத்தில் நின்றிருந்த ஒருவரின் போனுக்கு அனுப்பினான். உறுதிமொழிக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பதினோரு மணிக்கு இருந்த உன் முறை கடைசிக்குப் போனது.

என்னைப் பன்னிரண்டு மணிக்கு அழைத்தார்கள். மூன்று பேர். நடுவில் நரைத்த கிராப் வைத்த ஒரு பேராசிரியை. எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. என் கதையைச் சொன்னேன். நன்றாகத்தான் போனது. அந்த அம்மாள் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பட்டனை அழுத்துவதற்கு ஒரு வினாடி முன்னால் என்ன யோசித்தீர்கள்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் நான் அழுத்தவே இல்லை. நீ கேட்ட அத்தனை கேள்வியும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. எங்கே நின்றாய், பக்கத்தில் யார், என்ன வார்த்தை. அந்த அம்மாளின் முகம் அந்த நொடியில் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் உன் முகம் போலவே இருந்தது.

"நான் நிறுத்தவில்லை மேடம்" என்றேன். "குமுதா என்று ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். அவர்தான் பார்த்தார், அவர்தான் நிறுத்தினார். திட்டு வாங்கியதும் அவர்தான். நான் பத்து நிமிடம் கழித்து வந்து அறிக்கை எழுதினேன்."

"அறிக்கையில் யார் பெயர் இருக்கிறது?"

"என் பெயர்."

"ஏன்?"

"படிவத்தில் தொழிலாளி பெயர் எழுத இடம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓரத்தில் எழுதியிருக்கலாம்."

அதற்குப் பிறகு அரைமணி நேரம் அதைப் பற்றியேதான் பேசினார்கள். படிவத்தை எப்படி மாற்றுவாய், நிறுத்துகிறவர் திட்டு வாங்காமல் இருக்க என்ன செய்வாய் என்று. வெளியே வரும்போது கால் தரையில் படவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு என்மேலேயே ஒரு பெருமை. கதவைத் திறந்தால் வரிசையின் கடைசி நாற்காலியில் நீ.

"பட்டன கேட்டாங்களா?" என்றாய்.

தலையாட்டினேன். நீ லேசாகச் சிரித்தாய். உன்னை அழைத்தபோது மணி ஐந்தரை. காலையிலிருந்து ஒரு பன்னும் டீயும். எட்டே நிமிடத்தில் வெளியே வந்தாய். இரண்டு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கடை பற்றிய உன் பதிலைச் சொன்னாயா என்று கேட்டேன். "ஏன் எம்பிஏன்னு கேக்கவே இல்லடி" என்றாய்.

எனக்கு இடம் கிடைத்தது. உனக்குக் கிடைக்கவில்லை. பதினோரு மணிக்கே போயிருந்தால் கிடைத்திருக்குமா? தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள முடியாதபடி செய்தவள் நான்.

புறப்படும் முன்பு உன்னைப் பார்க்கக் குடோனுக்கு வந்தேன். நீ அந்த நோட்டை என் கையில் வைத்தாய். "எனக்கு ஆவாது. உனக்கு அங்க போயும் வேலைக்கு இன்டர்வியூ இருக்குமே." நான் அதையும் சந்தேகத்தோடுதான் வாங்கினேன். குத்திக் காட்டுகிறாளோ என்று.

சென்னை விடுதியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நோட்டில் இரண்டு பாகம். ஒன்றின் தலைப்பு "அவ". இன்னொன்று "நான்". நான் அன்றைக்குப் பார்த்தது "அவ" பாகத்தில் ஒரு பக்கம். என் நாற்காலியில் நீ உட்கார்ந்து பார்த்து, நான் பேசுவது போலவே என் பதில்களை எழுதி, தாளின் பின்பக்கத்தில் சிவப்பு மையில் அவற்றின் ஓட்டைகளைக் குறித்திருந்தாய். "நான் போய் நிறுத்தினேன்" என்ற வரிக்குப் பின்னால் "பொய்?" என்று எழுதி, அதன் கீழே, "இவளா சொன்னா நல்லது. நான் சொன்னா கோச்சிக்குவா" என்று இருந்தது. "நான்" பாகத்தில் உன் கதைகள் மட்டும்தான். ஒன்றில்கூட நான் இல்லை.

அந்த வாரமே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். போனில் பேசும்போதெல்லாம் தொண்டைவரை வரும். நீ வேறு ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தாய். அங்கே யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வாய். நான் கேட்டுக்கொண்டே, இவளுக்குத் தெரியுமா, தெரியாதா, தெரிந்துதான் பேசுகிறாளா என்று உன் குரலை மோப்பம் பிடித்துக்கொண்டிருப்பேன். தீபாவளிக்கு வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோதே முடிந்துவிட்டது. ஊருக்கு முன்னால் இருக்கும் ஆரியபாளையம் பாலத்தில் வண்டி நின்றிருந்தபோது தம்பி போன் செய்து, "அக்கா, மெதுவா வாங்க" என்றான். அதிலேயே புரிந்துவிட்டது.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தம்பி என்னை உள்ளே உட்கார வைத்தான். நீ போன பிறகு கல்யாணமாகிவிட்டது அவனுக்கு, பொறுப்பாக இருக்கிறான். கொஞ்ச நேரம் மழை, விலை என்று பேசினான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"அன்னிக்கு சர்டிபிகேட்ட போட்டோ எடுத்து அனுப்பனது நான்தான்க்கா. ரெண்டு பேருக்கும் மெயில் வந்திருக்கும்போது உங்களுக்கு மட்டும் எப்டி அசல் இருந்துச்சின்னு, அன்னிக்கு ராத்திரி அக்கா வூட்டுக்கு வந்து சொன்னதுமே எனக்கு டவுட்டு. நேரா வந்து உங்களயே கேட்டுடறேன்னு கிளம்பனேன். அக்காதான் சட்டையப் புடிச்சி நிறுத்திச்சி."

"இன்னா சொன்னா?"

"கேட்டா இல்லன்னுவா. ஏற்கெனவே ஒரு பொய் சொல்லிட்டு நிக்கறா. நாம கேட்டு ரெண்டாவது சொல்ல வெக்க வேணாம், அப்பறம் அவளால நம்ம வூட்டுக்கு வர முடியாதுன்னுச்சி."

கடையில் ஆட்கள் வந்து போனார்கள். தராசுத் தட்டு ஆடிக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே காத்திருந்தான்.

"மெயில் புதன்கிழமையே வந்துச்சிடா" என்றேன். "வியாழக்கிழமை அவ கேட்டா. வரலன்னு சொன்னேன்."

அவன் தலையை ஆட்டினான். தராசுத் தட்டைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு, "அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்றான். "அவுரு இன்னும் உங்கள விசாரிச்சினுதான் இருக்காரு. பொண்ணு மாதிரி ஒண்ணு மிச்சம் இருக்குதுன்னு நெனச்சினு இருக்காரு."

நான் உன்னைச் சந்தேகப்பட்டேன், அது தப்பு. நீ என்னைச் சந்தேகப்பட்டாய், அது சரி. சரியாகச் சந்தேகப்பட்ட நீ வாயை மூடிக்கொண்டாய். தப்பாகச் சந்தேகப்பட்ட நான் உன் ஒரு நாளை, ஒருவேளை உன் ஒரு வாழ்க்கையை, எடுத்துக்கொண்டேன்.

உன் அப்பாவிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். நீ இருந்தால் விடமாட்டாய். அவருக்காகச் சொல்கிறாயா, உன் பாரத்தை இறக்கி வைக்க அவர் தோளைத் தேடுகிறாயா என்று கேட்பாய். அதற்கு என்னிடம் நம்பும்படியான பதில் இல்லை. அதனால் சொல்லப் போவதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கே போவேன். அவர் "வாம்மா" என்பார். உள்ளே போய் உட்கார்வேன்.